கண்ணும் காலும் மட்டும் ஏன்?

ஒரே ரத்தம், வேறு வேறு கதி

பென்னாகரத்திலோ அரூரிலோ அரசு மருத்துவமனைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பார்வை மங்குகிறதா? பாதம் எரிகிறதா, மரத்துப்போகிறதா? நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போகிறதா? சிறுநீர் நுரைத்து வருகிறதா? நுரையீரலைப் பற்றியோ தொடைத் தசையைப் பற்றியோ யாரும் முதலில் விசாரிப்பதில்லை. கண், நரம்பு, சிறுநீரகம் என்று இந்த நோய் தன் இடங்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. ஆனால் சர்க்கரை கூடியிருப்பது ரத்தத்தில். அந்த ரத்தம் தலை முதல் கால் வரை எல்லாச் செல்லுக்கும்தான் போகிறது. ஒரே ரத்தத்தில் நனையும் செல்களில் சில கெடுவதும் சில தப்புவதும் எப்படி?

இன்னொரு கேள்வியும் இதோடு ஒட்டியே இருக்கிறது. சர்க்கரை விஷமல்ல, உணவு. அளவும் பெரிதல்ல. வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 என்று சோதனைச் சீட்டு சொன்னால் 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் என்று பொருள். அப்படியானால் மொத்த ரத்தத்திலும் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. 250 இருக்கிறவருக்கு இரண்டரைத் தேக்கரண்டி. கூடுதலாக இருக்கும் அந்த ஒன்றரைத் தேக்கரண்டிதான் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒருவருடைய பார்வையைப் பறிக்கிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு, சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகவே இந்தப் புதிர் ஏட்டோடு நிற்கும் புதிர் அல்ல.

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் கிடைக்கிறது. சர்க்கரை வெளியிலிருந்து செல்லை அரிப்பதில்லை. உள்ளே போய், அளவுக்கு மீறி எரிக்கப்படும்போது செல்லே தனக்குக் கேடு விளைவிக்கும் பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். மருந்துக் கடைகளில் ஆன்டிஆக்சிடன்ட் என்று எழுதிய குப்பிகள் அடுக்கடுக்காக இருப்பதால் பலருக்கும் இந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். ஆக்சிஜனேற்றம் நோய்க்குக் காரணம் என்பது சரி. அதனால் அந்தக் குப்பி மருந்து என்பது தவறு. எப்படி இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதைக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

கதவை மூட முடியாத செல்

ஒரேயொரு செல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் சுவர் ஒரு செல் கனம்தான். அந்தச் சுவரில் ஒரு செல். ரத்தத்தில் வரும் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் பின்னால் இருக்கும் நரம்புச் செல்களுக்குக் கடத்திவிடுவது அதன் கடமை. ஒளியை வாங்கும் விழித்திரைக்கு எரிபொருள் ஒரு கணமும் தடைபடக் கூடாது. அதனால் இந்தச் செல் சர்க்கரையை உள்ளே விடுவதற்கு இன்சுலினின் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. குளூட்-1 என்ற புரதக் கதவு அதன் மேற்பரப்பில் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது.

தொடைத் தசையின் கதை வேறு. அங்கே இருக்கும் கதவு குளூட்-4. இன்சுலின் வந்தால்தான் அது செல்லின் மேற்பரப்புக்கே வரும். வேறு பல செல்கள் வெளியே சர்க்கரை ஏறுவதை உணர்ந்து, உள்ளே எடுப்பதைத் தாமாகக் குறைத்துக்கொள்கின்றன. நுண்குழாய்ச் சுவர்ச் செல்லுக்கும், சிறுநீரக வடிகட்டியில் உள்ள சில செல்களுக்கும், நரம்பிழையைச் சுற்றிப் பொதிந்திருக்கும் செல்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு போதுமான அளவு இல்லை. வெளியே 250 என்றால் அந்த ஏற்றம் உள்ளேயும் எதிரொலிக்கும். நோய் தேர்ந்தெடுக்கும் உறுப்புகளின் பட்டியல் பெரும்பாலும் கதவை மூட முடியாத செல்களின் பட்டியல்தான்.

மூளையும் இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லையே, அது மட்டும் எப்படித் தப்புகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இறுக்கமான ஒரு தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி மூளைத் திரவத்துக்குள் போய்ச் சேரும் சர்க்கரையின் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைவிட எப்போதும் மிகக் குறைவு. அப்படியும் மூளை முழுக்கத் தப்பிவிடுவதில்லை. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கு முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

சக்கையைத் திணித்தால்

உள்ளே வந்த சர்க்கரையைச் செல் துண்டு துண்டாக உடைத்து, கடைசியில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்கு அனுப்புகிறது. அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள, பாலக்கோடு, கடத்தூர் பக்கத்து வெல்ல ஆலை அடுப்பை நினைத்துக்கொள்ளலாம். கொப்பரைக்குக் கீழே காய்ந்த கரும்புச் சக்கையை ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பார். கை நிதானம் தெரிந்தவர் தள்ளினால் தீ சீராக நிற்கும். அடுப்பின் வாய் நிறையத் திணித்துவிட்டால் தீ அடங்கிப் புகை கிளம்பும். புகைக்குக் காரணம் கெட்ட சக்கை அல்ல. எரியக்கூடிய வேகத்தை மீறி வந்த நல்ல சக்கை.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சர்க்கரையிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து தண்ணீராகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கிடைக்கும் ஆற்றலைச் செல் சேமித்துக்கொள்கிறது. செல்லுக்குத் தேவையான ஆற்றல் கிடைத்துவிட்ட பிறகும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால் இந்த வரிசை நெரிகிறது. நடுவழியில் தேங்கும் எலக்ட்ரான்களில் சில, கடைசிப் படிவரை போகாமல் பக்கத்தில் திரியும் ஆக்சிஜன்மீது தாவிவிடுகின்றன. இப்படித் தனி எலக்ட்ரான் ஒன்று ஒட்டிய ஆக்சிஜனுக்கு சூப்பராக்சைடு என்று பெயர். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் வேறு சில பொருள்களும் பிறக்கின்றன. எதிர்ப்படும் கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் எதையும் தாக்கக்கூடிய இந்தக் கூட்டத்தை முரட்டு ஆக்சிஜன் என்று அழைப்போம்.

செல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதில்லை. சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற ஒரு நொதி, அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்க கேட்டலேஸ் முதலிய நொதிகள் என்று காவல் இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் புண்ணில் ஊற்றினால் வெள்ளையாக நுரைக்கிறதே, அது நம் செல்களில் உள்ள கேட்டலேஸ் அதை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுவதுதான். உண்டாகும் முரட்டு ஆக்சிஜன் காவலின் திறனை மீறி, அந்த நிலை நீடிப்பதே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

ஒரு கோளாறிலிருந்து பல

இது வெறும் ஊகமாக இருந்துவிடக் கூடாதல்லவா? சர்க்கரை எப்படிக் குழாய்களைக் கெடுக்கிறது என்பதற்கு 1990களில் தனித்தனி விளக்கங்கள் பல இருந்தன. சர்க்கரை சார்பிட்டால் என்ற பொருளாகத் திரும்பிவிடுகிறது என்றார்கள் சிலர். புரதங்களில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது என்றார்கள் வேறு சிலர். செல்லுக்குள் இருக்கும் ஒரு சமிக்ஞை நொதி தப்பாகத் தூண்டப்படுகிறது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சான்று இருந்தது. ஒன்றை மட்டும் தடுத்தபோது மனிதர்களுக்குக் கிடைத்த பலன் ஏமாற்றமாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் பிரௌன்லீயின் குழு இவற்றையெல்லாம் ஒரே வேரில் சேர்த்துக் காட்டியது. மாட்டின் பெருந்தமனிச் சுவர்ச் செல்களை, நம் கணக்கில் 90க்கும் 540க்கும் சமமான சர்க்கரைக் கரைசல்களில் தனித்தனியே வளர்த்தார்கள். 540இல் முரட்டு ஆக்சிஜன் பெருகியது. மேலே சொன்ன மூன்று கோளாறுகளும் தலைதூக்கின. அடுத்து, சர்க்கரையைக் குறைக்காமல் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு உண்டாவதை மட்டும் அடக்கினார்கள். மூன்றும் அடங்கிவிட்டன.

வேருக்கும் கிளைகளுக்கும் உள்ள தொடர்பும் பின்னர் தெளிவானது. நம் விழித்திரைச் செல்லுக்கே திரும்புவோம். முரட்டு ஆக்சிஜன் மரபுப்பொருளின் இழையை வெட்டுகிறது. அதைச் செப்பனிடும் நொதி விழித்துக்கொள்கிறது. அந்த நொதி வேலை செய்யும் வேகத்தில், சர்க்கரையை உடைக்கும் பாதையின் நடுவே இருக்கும் இன்னொரு நொதியை முடக்கிவிடுகிறது. பாதை நடுவில் அடைபட்டதும் பாதி உடைந்த சர்க்கரைத் துண்டுகள் மேலே தேங்கிப் பக்கவழிகளில் பிதுங்குகின்றன. ஒரு பக்கவழியில் சார்பிட்டால் உருவாகிறது. அதை உண்டாக்கச் செலவாகும் பொருளோ, காவல் நொதிகளுக்கு வேண்டிய அதே பொருள். ஆகவே காவல் மேலும் தளர்கிறது. இன்னொரு வழியில் போகும் துண்டுகள் புரதங்களில் ஒட்டிக்கொள்கின்றன. மூன்று மாதச் சராசரி என்று எடுக்கிற ஹெச்பிஏ1சி சோதனையும் ஒரு புரதத்தில், ஹீமோகுளோபினில், சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றுதான் அளக்கிறது. ஒட்டுவது இங்கே செல்லுக்குள் இன்னும் விரைவாக நடக்கிறது. மற்றொரு வழி, குழாய் சுருங்கவும் கசியவும் புதிய கிளை விடவும் ஆணையிடும் சமிக்ஞைகளை எழுப்புகிறது. முதலில் நுண்குழாயைத் தாங்கிப் பிடிக்கும் துணைச் செல்கள் மடிகின்றன. தாங்கல் போன இடத்தில் சுவர் புடைக்கிறது. கண் மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போது தெரியும் சிவப்புப் புள்ளிகள் இவைதான். பிறகு கசிவு, வீக்கம், கடைசியில் எளிதில் உடையும் புதுக் குழாய்கள்.

கிண்ணத்தில் வளர்த்த மாட்டுச் செல்லை நம்பி மனித நோயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா, அதுவும் 540 என்ற அளவில்? இந்த எதிர்வாதத்துக்கு ஒரு பகுதி விடை சென்னையிலிருந்து வந்தது. மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் பாலசுப்ரமணியம், மோகன் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களில் ஆக்சிஜனேற்றத்தால் மரபுப்பொருள் சேதமடைந்த தடயங்களும், மேலே சொன்ன செப்பனிடும் நொதியின் துடிப்பும் கூடியிருந்தன. நுண்குழாய்ச் சிக்கல் வந்தவர்களிடமும் இதே நிலைதான். அதே நேரம், பிரௌன்லீயின் சித்திரம் எல்லா உறுப்புக்கும் அப்படியே பொருந்திவிடவில்லை. 2013இல் சர்க்கரை நோய் வந்த எலிகளின் சிறுநீரகத்தை அளந்த ஓர் அமெரிக்கக் குழு, அங்கே சூப்பராக்சைடு கூடவில்லை, குறைந்திருக்கிறது என்று காட்டியது. நாட்பட்ட நோயில் மைட்டோகாண்ட்ரியாவே நொடித்துப்போய் அடங்கிவிடுவது இதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். என் பார்வையில் இது அடிப்படைக் கருத்தைத் தகர்ப்பதில்லை. நோயின் எந்தக் கட்டத்தில், எந்த உறுப்பில் அளக்கிறோம் என்பது முக்கியம் என்று எச்சரிக்கிறது.

காவல் குறைந்த கணையம்

இதுவரை பார்த்தது நோய் வந்தபின் நடக்கும் சேதம். நோயை வரவழைப்பதிலும் முரட்டு ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போவதுதான் பெரும்பாலோருக்கு நோயின் தொடக்கம். 2006இல் அமெரிக்காவில் ஹூஸ்டிஸ், லாண்டர் குழு செல்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகளில் இந்த நிலைக்குத் தள்ளிப் பார்த்தது. இரண்டிலும் முரட்டு ஆக்சிஜன் ஏறியது. அதைக் குறைத்தபோது இரண்டிலும் செல்கள் மீண்டும் இன்சுலினுக்கு ஓரளவு செவிசாய்த்தன. பருத்த எலிகளிலும் அப்படியே.

இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லின் நிலை இன்னும் பரிதாபம். 1943இல் கிளாஸ்கோவில் ஷா டன்னும் அவரது துணைவர்களும் சிறுநீரகச் சேதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். முயல்களுக்கு அலாக்சன் என்ற வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, கணையத்தின் இன்சுலின் திட்டுகள் அழிந்துபோயிருந்தன. காரணம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே புரிந்தது. அலாக்சனின் வடிவம் சர்க்கரையை ஒத்திருப்பதால் பீட்டா செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் அது முரட்டு ஆக்சிஜனைப் பொழிகிறது. பீட்டா செல்லிடம் அதைத் தடுக்கும் வலு இல்லை. 1996இல் ஜெர்மனியின் ஹனோவரில் லென்சன் குழு எலியின் பல திசுக்களை ஒப்பிட்டபோது, கேட்டலேஸ் போன்ற காவல் நொதிகளின் மரபணுக்கள் இன்சுலின் திட்டுகளில் கல்லீரலைவிட மிக மிகக் குறைவாகவே செயல்பட்டன.

உயிருக்கு இவ்வளவு வேண்டிய செல்லை இயற்கை ஏன் இப்படிக் காவலின்றி விட்டது? பீட்டா செல்லின் வேலையே சர்க்கரை ஏறுவதை மோப்பம் பிடிப்பது. சர்க்கரை எரியும்போது எழும் சிறு அளவு ஹைட்ரஜன் பெராக்சைடும் அந்த மோப்பத்தில் ஒரு சமிக்ஞை என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. காவல் பலமாக இருந்தால் சமிக்ஞை எழும்போதே அணைந்துவிடும். உணவு கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு போதும். நாள் முழுக்கச் சர்க்கரை ஏறியே இருக்கும் உடலில் அதே ஏற்பாடு பீட்டா செல்லுக்கு உலை வைக்கிறது. 2013இல் வெளியான சென்னை ஆய்வொன்று, நம்மவர்களுக்குச் சர்க்கரை சற்றே ஏறத் தொடங்கும் கட்டத்திலேயே, உடல் பருமனைக் கணக்கிட்டு ஒதுக்கிய பிறகும், பீட்டா செல்லின் திறன் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது என்று நம்மவர் யாரும் நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் மாத்திரை போடலாமே

முரட்டு ஆக்சிஜன்தான் எதிரி என்றால் அதை முறிக்கும் வைட்டமின் ஈ, வைட்டமின் சி மாத்திரைகளை விழுங்கினால் போயிற்று என்று தோன்றும். இது அற்பமான எண்ணம் அல்ல. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதை நம்பிப் பெரும் பணம் செலவிட்டு ஆராய்ந்தது. ஹோப் என்ற பன்னாட்டு ஆய்வில் 9,500க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ தரப்பட்டது. 2000இல் முடிவு வந்தது: மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறைவில்லை. அவர்களில் சர்க்கரை நோயாளிகளான 3,654 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் இதயம், சிறுநீரகம் எதிலும் பலன் தெரியவில்லை.

காரணம் நாம் பார்த்த விளக்கத்திலேயே இருக்கிறது. சூப்பராக்சைடு ஓரிடத்தில் தேங்கிக் கிடக்கும் அழுக்கு அல்ல. சர்க்கரை உள்ளே வரும்வரை நொடிதோறும் புதிதாகப் பிறப்பது. ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு முரட்டு மூலக்கூறை முறித்ததும் தன் வலுவை இழந்துவிடும், புதுப்பிக்கப்பட வேண்டும். அது பிறக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குள் விழுங்கிய மாத்திரை போதிய அளவு போய்ச் சேர்வதுமில்லை. திணிப்பதை நிறுத்தாமல் புகையை மட்டும் விரட்ட முடியாது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். சிறு அளவு முரட்டு ஆக்சிஜன் செல்லுக்கு வேண்டும். 2009இல் ஜெர்மனியின் ரிஸ்டோ குழு சுமார் 40 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தது. பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லி கிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும். வைட்டமின் எடுக்காதவர்களின் உடல் இன்சுலினுக்கு இணங்குவது மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு அந்த மேம்பாடு கிடைக்கவில்லை. பயிற்சியின்போது தசையில் எழும் முரட்டு ஆக்சிஜனே காவலை வலுப்படுத்தும் மரபணுக்களை எழுப்புகிறது. மாத்திரை அந்த அழைப்பை அடக்கிவிட்டது. 2004இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காவல் நொதி ஒன்று அளவுக்கு மீறிச் சுரக்கும்படி வளர்த்த எலிகள், எதிர்பார்ப்புக்கு மாறாகப் பருத்து, இன்சுலினுக்கு இணங்காமல் போயின.

உள்ளே வருவதைக் குறைப்பது பலன் தருகிறதா என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். தனிக் கவனிப்பு இல்லாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. நூறு பேருக்குப் பதினைந்து பேருக்கு மேல் தப்புவது சிறிய காரியமல்ல. வைட்டமின் குப்பி எதுவும் இதன் அருகில்கூட வரவில்லை.

களியின் பெயரால்

தருமபுரியில் இந்தப் பேச்சு உடனே கேழ்வரகுக்கு வந்துவிடும். பாட்டன் களி தின்றான், சர்க்கரை வரவில்லை. பேரன் அரிசிச் சோற்றுக்கு மாறினான், வந்துவிட்டது என்பது ஊரில் பரவலான கருத்து. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டதும் அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. திட்டத்தை முழுமனதோடு வரவேற்கலாம். ஆனால் கேழ்வரகின் தோலில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது, அதனால் அது மருந்து என்ற காரணம் பலவீனமானது. தோலில் உள்ள அந்தத் துவர்ப்புப் பொருள்கள் சோதனைக் குழாயில் முரட்டு ஆக்சிஜனை முறிக்கும் என்பது உண்மை. குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேர்வது சொற்பம். மாத்திரைக்குப் பொருந்திய நியாயமே இதற்கும் பொருந்தும்.

கேழ்வரகின் உண்மையான பலம் அதன் நார். 100 கிராமில் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. நார் மாவுச்சத்தின் செரிமானத்தைத் தாமதப்படுத்தி, சர்க்கரை ரத்தத்துக்குள் பாயும் வேகத்தைத் தணிக்கிறது. அதே கேழ்வரகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நைசாக அரைத்துச் சலித்து, குழையக் காய்ச்சிய கூழ் விரைவாகவே செரித்துவிடும். பாட்டன் களி உருண்டையோடு கீரைக் கடைசலையோ அவரைக் குழம்பையோ சேர்த்துக்கொண்டான். பகல் முழுக்க ஏரும் மண்வெட்டியுமாக அந்தச் சர்க்கரையைத் தசையில் எரித்தான். உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலே குளூட்-4 கதவைத் திறந்துகொள்ளும் என்பது அவனுக்கு இருந்த பெரிய பாதுகாப்பு. உருண்டை மட்டும் தட்டில் இருந்து மற்றவை இல்லாமல் போனால் பலனும் பாதியாகிவிடும்.

காலமும் ஒரு கணக்கு

எப்போது கட்டுப்படுத்தத் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். மெல்போர்னைச் சேர்ந்த எல்-ஆஸ்டா குழு 2008இல் குழாய்ச் சுவர்ச் செல்களை 16 மணி நேரம் மட்டும் மிகுந்த சர்க்கரையில் வைத்து, பிறகு சாதாரண அளவுக்குக் கொண்டுவந்தது. ஆறு நாள் கழித்தும், அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணு அணையாமல் இருந்தது. மரபுப்பொருளைச் சுற்றியுள்ள புரதங்களில் விழுந்த வேதிக் குறிகள் அழியவில்லை. முரட்டு ஆக்சிஜனை முன்கூட்டியே தடுத்தபோது அந்தக் குறிகள் விழவே இல்லை. 1993இல் முடிந்த டிசிசிடி என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் தொடர் கண்காணிப்பிலும் இதன் நிழல் தெரிகிறது: தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையை இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்கு, பிறகு எல்லாருடைய அளவும் ஒன்றாகிவிட்ட பின்னும், கண் கெடுவது பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இந்தத் தொடக்க ஆண்டுகளைத்தான்.

தருமபுரித் தண்ணீர்

சர்க்கரை மட்டுமே முரட்டு ஆக்சிஜனைப் பெருக்குவதில்லை. தருமபுரிக்கு இங்கே தனிக் கவலை ஒன்று உண்டு. மாவட்டத்தின் அடியில் இருப்பது ஃபுளூரைடு கனிமங்கள் கலந்த கடும்பாறை. போர் ஆழமாகப் போகப் போக அந்த ஃபுளூரைடு தண்ணீரில் இறங்குகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் இருக்கலாம். வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. இதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு விழுகிறது. முழங்காலும் முதுகும் விறைக்கின்றன. ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் தொடங்கி 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இதை மாற்றுவதற்காகவே காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது.

ஃபுளூரைடுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? ரத்தச் சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் குழாயைக் கவனித்துப் பாருங்கள். சாம்பல் நிற மூடி போட்டிருக்கும். உள்ளே சிறிது சோடியம் ஃபுளூரைடு இருக்கும். எடுத்த ரத்தத்தில் உள்ள செல்கள் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் சர்க்கரையைத் தின்றுவிடாமல், சர்க்கரையை உடைக்கும் நொதியை ஃபுளூரைடு முடக்கிவைக்கிறது. செல்லின் சர்க்கரைப் பாதையில் கைவைக்கக்கூடிய பொருள் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்தக் குழாயில் உள்ள அளவு போர் தண்ணீரில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதல். ஆகவே குழாயிலிருந்து நேராகக் குடத்துக்குத் தாவிவிட முடியாது. மனிதர்களிடம் அளந்துதான் பார்க்க வேண்டும். 2001இல் கர்நாடகத்தின் குல்பர்கா பகுதியில் எலும்பு ஃபுளூரைடு நோய் வந்த குழந்தைகளின் ரத்தத்தில், கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த தடயங்கள் கூடுதலாக இருந்தன. லக்னோ ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரானது. ஃபுளூரைடு நோய் வந்த 25 இளம் வயதினருக்கு குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தார்கள். 40 சதவீதம் பேருக்கு, அதாவது 10 பேருக்கு, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. ஆறு மாதம் நல்ல தண்ணீர் குடித்த பிறகு அந்தத் திறன் திரும்பிவிட்டது.

இதை வைத்துத் தருமபுரியின் சர்க்கரை நோய்க்கெல்லாம் தண்ணீர்தான் காரணம் என்று சொன்னால் அது பிழை. காவிரித் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் குடிக்கும் ஊர்களிலும், சென்னை போன்ற பெருநகரத்திலும் நோய் மிகுதிதான். 25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்களுக்கு இருந்ததும் முழு நோயல்ல, அதன் முன்கட்டம். என்றாலும் காவல் குறைந்த பீட்டா செல்மீது அரிசியும் உட்கார்ந்த வேலையும் சுமத்தும் பாரத்தோடு தண்ணீரும் ஒரு பாரத்தைச் சேர்க்கக்கூடும் என்ற சந்தேகம் வலுவானது. அதைத் தீர்க்கத் தருமபுரியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. வீட்டுக்கே மருத்துவத்தைக் கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட சாமனப்பள்ளி, 2004வரை தருமபுரி மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரியில்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போகும் அந்த ஊழியர்கள் அளக்கும் சர்க்கரை அளவுகள் பதிவாகின்றன. ஊர் ஊராகக் குடிநீரின் ஃபுளூரைடு அளவைச் சோதிப்பது குடிநீர்த் துறையின் வழக்கமான பணி. ஒரே மண், ஒரே உணவு, ஒரே உழைப்பு உள்ள பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில், காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் ஊரையும் இன்னும் போர் தண்ணீரை நம்பியிருக்கும் ஊரையும் இந்த இரண்டு பதிவேடுகளை வைத்து ஒப்பிடலாம். கூடவே சில நூறு பேரின் சிறுநீரில் ஃபுளூரைடையும், ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்த மரபுப்பொருளின் துணுக்குகளையும் அளந்தால், பாறையிலிருந்து பீட்டா செல் வரை உள்ள வழியில் எந்தெந்தக் கண்ணி உண்மை என்று தெரிந்துவிடும். அதற்கு வேண்டிய கருவிகள் சென்னை ஆய்வகங்களில் இருக்கின்றன. பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் மாதிரிகளை எடுத்துப்போவதுதான் மிச்சம்.